இன்டர்நெட் கம்பெனி மாறினால் அப்பாவின் மெயில் முகவரி என்ன ஆகும்?

#1 · மதுரக்காரி · ஹாரோ, லண்டன்

வணக்கம். பல வருடமாக இங்கே ஓரமாக உட்கார்ந்து படித்துவிட்டுப் போகிறவள் நான். இப்போதுதான் முதல் தடவையாக இழை திறக்கிறேன்.

எங்கள் வீட்டு பிராட்பேண்ட் ஒப்பந்தம் அடுத்த மாதம் 19-ஆம் தேதி முடிகிறது. போன வருடம் தெருவைத் தோண்டி ஃபைபர் போட்டார்கள். அந்தப் புதுக் கம்பெனி கேட்பது நாங்கள் இப்போது கட்டுவதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். வேகமும் அதிகம். மாறிவிடுவது என்று முடிவாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கும்போது அப்பாவிடம் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப என் மெயிலு?" என்றார்.

2004-ல் அப்பா எங்களோடு வந்து சேர்ந்தபோது என் கணவர் திறந்து கொடுத்த முகவரி அது. பின்பாதியில் இருப்பது பிராட்பேண்ட் கம்பெனியின் பெயர்தான். அப்பாவுக்கு வயது 76. மதுரையில் அவரோடு 1970-ல் பி.எஸ்சி. முடித்தவர்கள் ஒரு குழுவாக இன்னும் மெயிலில்தான் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். அதுபோக மதுரை வங்கிக் கணக்கு, எல்ஐசி, மியூச்சுவல் ஃபண்ட், இங்கே பார்த்த வேலையின் பென்ஷன், என்எச்எஸ் (இங்கத்திய அரசு மருத்துவச் சேவை), கோயில் அறிவிப்பு, எல்லாமே அந்த ஒரு முகவரியில்.

கைபேசி எண்ணை 65075-க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி அடுத்த கம்பெனிக்குக் கொண்டுபோய்விடலாம். மெயிலும் அப்படித்தான் இருக்கும் என்று நானாக நினைத்திருந்தேன். வாடிக்கையாளர் சேவைக்கு 3 தடவை போன் போட்டேன். முதல் ஆள் 90 நாள் இருக்கும் என்றார். இரண்டாவது ஆள், அன்றைக்கே மூடிவிடுவோம் என்றார். மூன்றாவதாக எடுத்த பெண், பணம் கட்டினால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் எவ்வளவு என்று தெரியாது என்றாள். கம்பெனி பெயர் வேண்டாம், விடுங்கள்.

முகவரியை எடுத்துக்கொண்டு போக வழி இருக்கிறதா? இல்லையென்றால் எதை முதலில் செய்யவேண்டும்?

#2 · சும்மா ஒருவன்

ஜிமெயில் ஒன்று திறந்து கொடுங்கள். அஞ்சு நிமிஷ வேலை. இதற்கு ஒரு இழையா?

#3 · சர்வர் ரூம் சாமி · கோவை

அஞ்சு நிமிஷத்தில் முகவரிதான் கிடைக்கும் தம்பி. மாறுவது அதற்கப்புறம்தான்.

மதுரக்காரி அம்மா, முதல் கேள்விக்குப் பதில்: எடுத்துக்கொண்டு போக முடியாது. கைபேசி எண் எந்தக் கம்பெனியின் சொந்தச் சொத்தும் இல்லை. நாட்டுக்குப் பொதுவான எண் வரிசையில் ஒரு எண், அவ்வளவுதான். அது இப்போது எந்தக் கம்பெனியிடம் இருக்கிறது என்று குறித்துவைத்து அழைப்பைத் திருப்பிவிட ஏற்பாடு உண்டு. இந்தியாவில் 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க அப்படித்தான் எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறிக்கொண்டிருக்கிறோம்.

மெயிலில் அந்தக் கதை நடக்காது. அட் குறிக்குப் பின்னால் இருக்கிறதே, அந்த டொமைன் முழுக்க ஒருவருக்குச் சொந்தம். நான் உங்களுக்கு ஒரு மெயில் போட்டால், என் சர்வர் டிஎன்எஸ் என்கிற பொதுப் பதிவேட்டில் அந்த டொமைனைப் பார்த்து, "இவர்களுக்கு வரும் தபாலை எந்த மெஷினில் கொடுப்பது?" என்று கேட்கும். அதற்கான பதில்தான் எம்எக்ஸ் பதிவு. அது டொமைன் முழுமைக்கும் பொது. அப்பா ஒருவருக்கு மட்டும் தனியாக ஒரு எம்எக்ஸ் போட்டு வேறு கம்பெனிக்கு அனுப்ப வழி கிடையாது. பழைய கம்பெனியே மனம்வைத்து வாங்கி, திருப்பி அனுப்பினால்தான் உண்டு.

இன்னொன்று. நீங்கள் மெயில் என்று சொல்வதில் 3 சமாச்சாரம் கலந்திருக்கிறது. 20 வருடமாகச் சேர்ந்த கடிதங்கள் ஒன்று. அவற்றை நகலெடுத்துவிடலாம், கவலை இல்லை. இனிமேல் வரப்போகும் கடிதங்கள் இன்னொன்று. அனுப்புகிறவர்களுக்குச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. மூன்றாவதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பாஸ்வேர்ட் மறந்துபோனால் புதுசு போடுவதற்கான இணைப்பு அந்த முகவரிக்குத்தானே வரும்? அப்பாவின் எல்லாக் கணக்குக்கும் சாவிக்கொத்து அங்கே தொங்குகிறது. பெட்டியை மூடிய பிறகு ஏதாவது ஒரு தளம் "உங்கள் மெயிலுக்கு 6 இலக்க எண் அனுப்பியிருக்கிறோம்" என்று சொல்லும்போதுதான் உறைக்கும்.

#4 · ஈஸ்ட்ஹாம் வடை · லண்டன்

அக்கா, ஒரு முக்கியமான விஷயம். புதுக் கம்பெனியில் இன்னும் கையெழுத்துப் போடவில்லையே? போட்டிருந்தால் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று பாருங்கள்.

2024 செப்டம்பர் 12-லிருந்து இங்கே ஒன் டச் சுவிட்ச் வந்துவிட்டது. புதுக் கம்பெனியிடம் மட்டும் சொன்னால் போதும், பழைய இணைப்பை ரத்து செய்யும் வேலையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நல்ல ஏற்பாடுதான், "போகாதீங்க சார்" என்று கெஞ்சும் போன் கிடையாது. ஆனால் மெயில் விஷயத்தில் இதில் ஒரு குழி இருக்கிறது. நீங்கள் பழைய கம்பெனியோடு ஒரு வார்த்தை பேசாமலே இணைப்பு நின்றுவிடும், மெயிலுக்கான கெடுவும் அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிடும். நடுவில் பழைய கம்பெனியிடமிருந்து ஒரு தகவல் வரும், மாறினால் உங்கள் மற்றச் சேவைகள் என்ன ஆகும் என்று. பாதிப் பேர் அதைத் திறப்பதே இல்லை. அதைத் தேடி எடுத்து வரிவரியாகப் படியுங்கள்.

இந்த நாட்டில் கம்பெனிக்குக் கம்பெனி வழக்கம் வேறு. விர்ஜின் மீடியா விலகியவர்களின் பெட்டிக்கு 90 நாள் கெடு வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் டெலிகாம் என்கிற பிடியும் டாக்டாக்கும் மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு முகவரியை வைத்துக்கொள்ள விட்டார்கள். பிடியில் 2022 வாக்கில் அது மாதம் ஏழரை பவுண்ட். வருடத்துக்கு 90 பவுண்ட்! அதற்கு நம்ம ஊர் ஓட்டலில் குடும்பத்தோடு நாலு தடவை சாப்பிடலாம். விதி மாறிக்கொண்டே இருக்கும், அதனால் உங்கள் கம்பெனியின் இன்றைய விதி என்ன என்று போனில் கேட்காமல் சாட்டில் கேளுங்கள். பதிலைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொல்கிறேனே, நான் மாட்டியவன். நான் மாறியபோது 30 நாள் இருக்கும் என்று போனில் சொன்னார்கள். இணைப்பு நின்ற அன்று சாயங்காலமே உள்ளே நுழைய முடியவில்லை. விமான மைல் கணக்கு ஒன்று அதில் இருந்தது. சென்னைக்கு ஒரு டிக்கெட்டுக்கு ஆகும் மைல். போனது போனதுதான்.

#5 · லாச்சப்பல் பொடியன் · பாரிஸ்

இங்க பிரான்ஸில நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. விலகினாலும் 6 மாதத்துக்குப் பழைய மெயில் பெட்டியை இலவசமாக வைத்திருக்க விடவேணும் என்று 2011-ல் சட்டமே கொண்டுவந்தவை. ஆள் தானாகக் கேட்கவேணும், அவ்வளவுதான். நான் 2 தரம் கம்பெனி மாறினனான், 2 தரமும் அந்த 6 மாதம் கைகொடுத்தது.

ஆனால் அக்கா, 6 மாதமும் கண்மூடித் திறக்க முதல் போய்விடும். முதல் தரம் 5 மாதம் ஒன்றுமே செய்யாமல் இருந்துவிட்டு, கடைசி வாரம் இரவிரவாக முழிச்சிருந்து மாத்தினனான்.

இங்க லாபோஸ்த், அதுதான் தபால் கந்தோரே, எந்த இணைய இணைப்போடும் ஒட்டாத மெயில் பெட்டி இலவசமாகத் தருகிறது. எங்கட அம்மாவுக்கு அதுதான். தபால்காரர் தாற மெயில் என்றதும் மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொண்டா.

#6 · மயிலாப்பூர் மாமா · சென்னை

இந்த இழையைப் பார்த்ததும் பழைய ரணம் கிளறிவிட்டது. விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15-ல் இன்டர்நெட் ஆரம்பித்த காலத்தை இங்கே எத்தனை பேர் பார்த்திருப்பீர்களோ. அப்போது நாம் மெட்ராஸ்தான், சென்னை ஆனது அடுத்த வருடம். என் முதல் முகவரியின் பின்பாதி: ஜியாஸ் எம்டி பூஜ்யம் ஒன்று புள்ளி விஎஸ்என்எல் புள்ளி நெட் புள்ளி இன். போனில் யாருக்காவது சொல்லி முடிப்பதற்குள் எஸ்டிடி மீட்டர் எங்கேயோ போய்விடும். எம்டி என்றால் மெட்ராஸ். பம்பாய்க்காரனுக்கு பிஎம்.

மருந்துக் கம்பெனிகளுக்கு மெஷின் பாகம் விற்கும் சின்ன ஏஜென்சி வைத்திருந்தேன். அந்த முகவரியைப் போட்டு 500 விசிட்டிங் கார்டு அடித்தேன். அப்புறம் தனியார் கம்பெனிகள் வந்தன, ஒன்றில் சேர்ந்தேன், முகவரி மாறிற்று. மிச்சமிருந்த 200 கார்டுக்கு என் மனைவி வெள்ளை லேபிள் வெட்டி ஒட்டிக் கொடுத்தாள். அடுத்த கம்பெனிக்குப் போனபோது லேபிள் மேல் லேபிள். கார்டு அப்பளம் மாதிரி தடித்துப்போய் பர்ஸில் நுழையவில்லை. கோயம்பேடு பக்கம் ஒரு வாடிக்கையாளர் மேல் லேபிளை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "இதுல எது சார் உங்க அட்ரஸ்?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே ஹாட்மெயில் திறந்தேன்.

மதுரக்காரி, அப்பாவின் கவலை அற்பமில்லை அம்மா. எனக்குப் பழைய முகவரியோடு போன சிநேகிதர்கள் 3 பேர் இருக்கிறார்கள்.

#7 · மெல்பர்ன் முருங்கை

கம்பெனியை மாற்றாமல் அப்படியே இருந்துவிட்டால் தப்பிக்கலாம் என்று யாராவது நினைத்தால் அதுவும் நடக்காது. ஆஸ்திரேலியாவில் 2023-ல் டிபிஜி குழுமம் தன் மெயில் சேவை முழுவதையும் இன்னொரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டது. ஐஐநெட், இன்டர்நோட், வெஸ்ட்நெட் முகவரிக்காரர்கள் எல்லாரும் அதில் சேர்த்தி. ஒரு வருடம் இலவசம், அப்புறம் கட்டணம். இணைப்பை விடாதவர்களுக்கும் இதே கதி. பக்கத்தில் நியூசிலாந்தில் வோடபோன் 2017 நவம்பரோடு மெயிலையே மூடியது.

இவர்கள் மெயில் கொடுத்ததே நாம் விலகாமல் இருப்பதற்காகப் போட்ட கயிறு. ஸ்பாமைத் தடுக்க, சர்வரைப் பராமரிக்க ஆகும் செலவோடு பார்த்தால் இப்போது அவர்களுக்கே அது சுமை. கயிற்றை அவர்களே அறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

#8 · சும்மா ஒருவன்

சரி, அஞ்சு நிமிஷம் என்றது தப்பு. ஆனால் ஜிமெயில் என்பது தப்பில்லையே? சொந்த டொமைன் வாங்கு என்று அடுத்து யாராவது வருவீர்கள், தெரியும்.

#9 · சர்வர் ரூம் சாமி · கோவை

வந்துவிட்டேன்.

எனக்குச் சொந்த டொமைன் இருக்கிறது, 17 வருடமாக. இதுவரை 3 இடத்துக்கு மெயிலை மாற்றியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எம்எக்ஸ் பதிவை மட்டும் திருப்பினேன், முகவரியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. எண்ணை எடுத்துக்கொண்டு போகிற வசதி மெயிலில் வேண்டுமென்றால் இது ஒன்றுதான் வழி. பின்பாதியும் உங்களுடையதாக இருக்கவேண்டும்.

இருந்தாலும் 76 வயதுக்காரருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். காரணம் இருக்கிறது. டொமைன் வாங்குவதில்லை, வருடா வருடம் வாடகைக்கு எடுக்கிறோம். அட்டை காலாவதியாகி ஒரு வருடம் பணம் போகவில்லை என்று வையுங்கள். டாட் காம் என்றால், கெடு முடிந்து விற்றவர்கள் தரும் சலுகை நாட்கள் (அதிகபட்சம் 45), அப்புறம் அபராதம் கட்டி மீட்க 30 நாள், கடைசியாக 5 நாள். அதோடு சரி, யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை வாங்கலாம். வாங்கியவன் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், அப்பாவின் வங்கிக் கடிதமெல்லாம் அவன் பெட்டியில் விழும். பாஸ்வேர்ட் இணைப்பும் சேர்ந்துதான்.

போன வருடம் தெரிந்த ஒருவர் வேடிக்கையான முறையில் மாட்டினார். டொமைன் விற்ற கம்பெனியில் அவர் கொடுத்திருந்த தொடர்பு முகவரி அதே டொமைனில் இருந்தது. டொமைன் நின்றதும் மெயில் நின்றது. "புதுப்பியுங்கள்" என்ற எச்சரிக்கையும் பாஸ்வேர்டும் அந்த நின்றுபோன மெயிலுக்கே போய்க்கொண்டிருந்தன. வீட்டுச் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதை.

இலவசத்தை நம்பியவர்களுக்கும் அடி விழுந்ததுண்டு. கூகுளில் சொந்த டொமைனுக்கு இலவச மெயில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், 2012 டிசம்பரில் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். 2022-ல் பழையவர்களும் பணம் கட்டவேண்டும் என்றார்கள். பெரிய கூச்சல் கிளம்பிய பிறகு, சொந்த உபயோகமென்றால் இருக்கட்டும் என்று விட்டார்கள்.

அதனால் என் தீர்ப்பு: மதுரக்காரிக்கோ அவர் கணவருக்கோ இந்த மாதிரி வேலை பிடிக்குமென்றால் குடும்பப் பெயரில் டொமைன், இல்லையென்றால் இணைப்போடு ஒட்டாத ஒரு பெரிய மெயில். ஜிமெயில், அவுட்லுக், பணம் கட்டும் சேவை எதுவானாலும் சரி. ஒருவனே, இந்தத் தடவை உன் பக்கம்தான் பேசியிருக்கிறேன், குறித்துக்கொள்.

#10 · மதுரக்காரி

எல்லாருக்கும் நன்றி. மாமா, அப்பளக் கார்டை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். 2 நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

டொமைன் எங்களுக்குச் சரிவராது. என் கணவர் காருக்கு வருடா வருடம் செய்யும் எம்ஓடி சோதனைத் தேதியையே மறப்பவர். ஜிமெயில் திறந்தாயிற்று. அப்பாவுக்கு ஒரு ஆசை, மாற்றுவதுதான் மாற்றுகிறோம், தமிழ் எழுத்திலேயே முகவரி கிடைக்குமா என்று கேட்கிறார். டாட் இந்தியா என்று தமிழிலேயே டொமைன் இருப்பதாக எங்கோ படித்திருக்கிறார்.

அடுத்து, அவருடைய பழைய கடிதங்கள் வெப்மெயிலில் கடைசி 3 மாதம்தான் தெரிகின்றன. மிச்சமெல்லாம் அவருடைய பழைய லேப்டாப்பில் அவுட்லுக் புரோகிராமில் இருக்கின்றன. ஏன் அப்படி?

#11 · சர்வர் ரூம் சாமி · கோவை

அப்பா படித்தது சரிதான். தமிழில் டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூன்றும் இருக்கின்றன. தமிழ் முகவரிக்கு அனுப்பவும் அங்கிருந்து வருவதை வாங்கவும் ஜிமெயில் 2014-லேயே தயார். ஆனால் வங்கிப் படிவத்தில் "அ" என்று ஆரம்பித்துப் பாருங்கள், "சரியான முகவரியைத் தரவும்" என்று சிவப்பில் எரியும். கல்லூரி சிநேகிதர்களுக்கு மட்டும் வேண்டுமானால் ஆசைக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

லேப்டாப் கதை இது. அந்த அவுட்லுக் பாப் முறையில் போட்டிருக்கிறது. பாப் என்றால் சர்வரிலிருந்து இறக்கி, கொஞ்ச நாளில் அங்கே அழித்துவிடும். 20 வருடமும் அந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கிறது. ஐமேப் என்றால் சர்வரிலேயே வைத்துக்கொண்டு எல்லாக் கருவியிலும் காட்டும்.

முதல் வேலை, இன்றைக்கே, அவுட்லுக் கடிதங்களைச் சேர்த்துவைத்திருக்கும் அந்த பிஎஸ்டி ஃபைலை ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். பிறகு அதே அவுட்லுக்கில் ஜிமெயிலை ஐமேப் கணக்காகச் சேருங்கள். பழைய ஃபோல்டர்களை அதற்குள் இழுத்துவிடலாம். இழுக்கும்போது நகலெடுங்கள், நகர்த்தாதீர்கள். பாதியில் இணைப்பு அறுந்தால் அழுகைதான். அனுப்பிய கடிதங்கள் ஃபோல்டரையும் முகவரிப் புத்தகத்தையும் மறக்கவேண்டாம்.

2 இடத்தில் முட்டும். அவுட்லுக் பழசென்றால் சாதாரண பாஸ்வேர்டுக்கு ஜிமெயில் கதவைத் திறக்காது, 2022 மே முதல் அப்படி. இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டுவிட்டு, 16 எழுத்துள்ள ஆப் பாஸ்வேர்ட் ஒன்று உருவாக்கி அதைக் கொடுங்கள். அடுத்தது, ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 500 எம்பிதான் ஏற்ற விடுவார்கள். 4 ஜிபி இருந்தால் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். நடுவில் நின்றால் கெட்டுப்போய்விட்டது என்று பயப்படாமல் மறுநாள் தொடருங்கள். 19-ஆம் தேதிக்கு முந்தின நாள் உட்கார்ந்தால் ஆகாது என்பது இதனால்தான்.

#12 · ஈஸ்ட்ஹாம் வடை · லண்டன்

கணக்குகளைக் கண்டுபிடிக்க என் வழி: நினைவிலிருந்து எழுதாதீர்கள், பெட்டியே சொல்லும். தேடும் இடத்தில் ஆங்கிலத்தில் வெல்கம், வெரிஃபை, பாஸ்வேர்ட், இன்வாய்ஸ், ரினியூவல், ஸ்டேட்மென்ட் என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். நான் 30 கணக்கு இருக்கும் என்று நினைத்தேன், 112 வந்தது. 2009-ல் ஒரே ஒரு குக்கர் வாங்கிய கடை உட்பட.

எல்லாவற்றையும் மாற்றவேண்டாம், குக்கர் கடை போகட்டும். பணம், அரசாங்கம், உடம்பு, இந்த 3 வகையும் முதலில். என்எச்எஸ் செயலியில் மெயில் முகவரிதான் நுழைவுப் பெயரே, அதைப் பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். பல தளங்கள் "மாற்றுவது நீங்கள்தானா?" என்று பழைய முகவரிக்கும் ஒரு எண் அனுப்பிக் கேட்கும். மாற்றி முடித்த ஒவ்வொன்றிலும் வெளியே வந்து, புது முகவரியால் ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள்.

இந்திய வங்கியை முதல் நாளே ஆரம்பியுங்கள், கடைசியில்தான் முடியும். என் வங்கி படிவத்தை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பச் சொன்னது.

#13 · மெல்பர்ன் முருங்கை

பழைய பெட்டியில் ஃபார்வர்ட் போட்டுவிட்டால் எல்லாம் தானாக ஜிமெயிலுக்கு வந்துவிடாதா? இல்லையென்றால் ஜிமெயிலையே பழைய பெட்டியிலிருந்து எடுத்துவரச் சொல்லலாமே?

#14 · சர்வர் ரூம் சாமி · கோவை

எடுத்துவரச் சொல்லும் பாப் வசதியை 2026 ஜனவரியிலிருந்து நிறுத்துவதாகக் கூகுள் அறிவித்துவிட்டது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஃபார்வர்ட் போடலாம், போடவும் வேண்டும், பெட்டி மூடும்வரை. ஆனால் வந்து சேரும் என்று அடித்துச் சொல்லமுடியாது. வங்கி தன் பெயரில் மெயில் அனுப்பும் மெஷின்கள் இவை என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கும், எஸ்பிஎஃப் என்பது அது. பழைய கம்பெனி அந்தக் கடிதத்தை வாங்கி ஜிமெயிலுக்குத் தள்ளும்போது, ஜிமெயில் பார்ப்பது பட்டியலில் இல்லாத ஒரு மெஷினை. வங்கி கடிதத்திலேயே போட்டு அனுப்பும் டிகிம் என்கிற டிஜிட்டல் கையெழுத்து கெடாமல் இருந்தால் தப்பிக்கும், இல்லையென்றால் ஸ்பாமுக்குப் போகும், சில சமயம் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். அதனால் பெட்டி மூடும்வரை ஸ்பாம் ஃபோல்டரைத் தினம் திறந்து பார்க்கவேண்டும்.

ஃபார்வர்டில் எனக்குப் பிடித்த உபயோகம் வேறு. அப்படி வருகிற ஒவ்வொன்றும் "என்னை இன்னும் மாற்றவில்லை" என்று சொல்கிற கடிதம். அந்த வரிசையைப் பார்த்து மாற்றிக்கொண்டே வாருங்கள்.

#15 · மயிலாப்பூர் மாமா · சென்னை

சிநேகிதர்களுக்குச் சொல்வது எப்படி என்று யாரும் சொல்லவில்லையே. "என் முகவரி மாறிவிட்டது" என்று 80 பேருக்கு ஒரே மெயிலாகப் போடாதீர்கள். பாதி ஸ்பாமுக்குப் போகும், மிச்சப் பேர் திருட்டு மெயில் என்று நினைப்பார்கள். லண்டனில் பர்ஸ் தொலைந்துவிட்டது, பணம் அனுப்பு என்று சிநேகிதர் பெயரில் வரும் மெயிலைப் பார்த்துப் பார்த்து எங்கள் வயதுக்காரர்கள் உஷாராகிவிட்டோம்.

பழைய முகவரியிலிருந்தே அனுப்பவேண்டும், நாலைந்து பேராக, அவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயத்தோடு. நான் கடைசித் தடவை மாறியபோது ஒவ்வொருவருக்கும் அவருடைய கல்லூரிப் பட்டப்பெயரைப் போட்டு ஆரம்பித்தேன். ஒருவரும் சந்தேகப்படவில்லை. ஒருவர் மட்டும் கோபப்பட்டார்.

#16 · லாச்சப்பல் பொடியன் · பாரிஸ்

புதுசைத் திறந்துபோட்டுப் பார்க்காமலும் விடாதேங்கோ. 2 வருடம் நுழையாமல் கிடந்தால் கூகுள் கணக்கை அழிக்கும், 2023 டிசம்பரிலிருந்து அந்த விதி. யாகூ 2013-ல் கவனிப்பாரில்லாத பெயர்களை வேற ஆட்களுக்கே கொடுத்தது. பழைய ஆளின்ர கடிதங்கள் புது ஆளுக்குப் போய் பெரிய பிரச்சினையானது.

#17 · மதுரக்காரி

2 மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, கணக்குச் சொல்லாமல் விட்டால் நன்றாயிராது.

புது இணைப்பை 2 வாரம் தள்ளிப் போட்டோம். பழைய கம்பெனி சாட்டில் எழுத்தில் கொடுத்தது 60 நாள். போனில் சொன்ன மூன்றிலும் சேராத நாலாவது பதில்! அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன். பழைய அவுட்லுக் ஆப் பாஸ்வேர்டுக்கும் மசியாமல் 2 நாள் அழவைத்தது, அப்புறம் வழிக்கு வந்தது. 6 ஜிபி ஏற 13 நாள் ஆயிற்று. தினம் இரவு ஒன்பது மணிக்கு அப்பா லேப்டாப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை கடிதம் ஏறியது என்று டைரியில் குறித்தார். நடுவில் 2011-ல் அம்மா ஊரிலிருந்து எழுதிய 4 மெயில் கிடைத்தன. அதோடு அன்றைக்கு ஏற்றும் வேலை நின்றுவிட்டது.

வடை சொன்ன மாதிரி தேடியதில் 71 கணக்கு வந்தது, 26 மாற்றினோம். மியூச்சுவல் ஃபண்ட் நான் பயந்த அளவுக்கு இல்லை. பென்ஷன் ஒரே போனில் முடிந்தது.

கல்லூரிக் குழுவுக்கு அப்பா பட்டப்பெயர் போட்டே எழுதினார். 38 பேரில் 31 பேர் புது முகவரிக்குப் பதில் போட்டுவிட்டார்கள். 2 பேர் முகவரி திரும்பி வந்தது. மிச்சம் 5 பேருக்கு போன் போட்டுக்கொண்டிருக்கிறார். மாமா, இங்கேயும் ஒருவர் கோபப்பட்டார்.

பாக்கி இருப்பது மதுரை வங்கி. கணக்கு 1989-ல் திறந்தது, இங்கே வந்த பிறகு என்ஆர்ஓ (வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான கணக்கு) ஆக்கியது. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று படிவத்தை 2 தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழைய பெட்டிக்கு இன்னும் 22 நாள் இருக்கிறது. நேற்று ராத்திரி அப்பா பழைய பாஸ்புக்கைத் தேடி எடுத்து மேஜையில் விரித்துவைத்து, 40 வயதில் போட்ட கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு முழு நோட்டுப் பக்கத்துக்கு எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். கடைசி எழுத்தின் வால் மட்டும் இன்னும் சரியாக வளையவில்லையாம்.